கல்பாக்கத்தைச் சுற்றி நோயாளிகளை எண்ணுங்கள்

இந்திய அணுசக்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டு அதன் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் பிறந்த குழந்தைகள் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் புற்றுநோய் மற்ற ஊர்களைவிட அதிகமா என்ற கேள்வியைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பொதுமக்கள் பெறக்கூடிய கதிர்வீச்சுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), நிலையத்தால் எங்களுக்கு வருவது அதில் மிகச் சிறு பங்கு என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறீர்கள். அந்த அளவீட்டை நான் மறுக்கவில்லை. சுற்றுச்சூழல் ஆய்வகத்தார் மீனையும் பாலையும் நீரையும் எடுத்துச் சோதிப்பது மதிக்கத்தக்க வேலை. ஆனால் அந்தச் சோதனை மீனில் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். மீன் விற்கும் பெண்ணுக்கு என்ன நோய் வந்தது என்பதைச் சொல்லாது.

அளவு குறைவு, ஆகவே நோய் இருக்காது என்பது ஓர் அனுமானம். ஜெர்மனியில் அந்த அனுமானத்தோடு நிற்காமல் எண்ணிப் பார்த்தார்கள். 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி, 1980 முதல் 2003 வரை புற்றுநோய் கண்ட, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 1,592 பேரை எடுத்துக்கொண்டார்கள். நோயில்லாத 4,735 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் உலையின் புகைபோக்கிக்கும் இடையிலான தூரத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2007 இறுதியில் வெளியான அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்நாட்டு அரசின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகமே. உலைகளிலிருந்து வெளியாகும் கதிர்வீச்சு இதை விளக்கும் அளவுக்கு இல்லை, காரணம் தெரியவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காரணம் பிடிபடவில்லை என்பதற்காக எண்ணிக்கையை மறைக்கவில்லை.

இதையே பிரிட்டனில் ஆராய்ந்த அரசுக் குழு, தங்கள் மின்நிலையங்களின் அருகே அப்படிப்பட்ட குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை என்று 2011இல் அறிவித்தது. கல்பாக்கத்திலும் அப்படியே முடிவு வரலாம். வந்தால் முதலில் மகிழ்பவர்கள் நாங்கள்தான்.

இப்படி எண்ணுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. வீடுவீடாகக் கதிர்வீச்சை அளந்தது, ஏறத்தாழ 70,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்ற முடிவை 2009இல் வெளியிட்டது. ஓர் எளிய கடற்கரை வட்டாரத்தில் சாத்தியமானது இன்னொன்றில் ஏன் சாத்தியமாகாது?

தமிழ்நாட்டிலும் பதிவேடு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் அரசோடு சேர்ந்து மாநிலம் முழுமைக்கும் நடத்தும் பதிவுத் திட்டம் நம் பெருமைகளில் ஒன்று. ஆனால் மாவட்டச் சராசரி எங்களுக்கு உதவாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரமும் பல்லாவரமும் அடங்கும். ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கான கணக்கில் எங்கள் பக்கத்து மீனவக் குப்பங்களான உய்யாலிக்குப்பமும் மெய்யூர்க்குப்பமும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகிறவர் அங்கே தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டால், அவர் ஏட்டில் சென்னைவாசி ஆகிவிடுகிறார். எந்த ஊரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தாரா, குழந்தையானால் பெற்றோர் பார்த்தார்களா என்ற கேள்விகளை நோயாளிச் சீட்டில் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. உள்ளே வேலை செய்பவரின் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் என்ற கதிர்வீச்சு அளவி இருக்கிறது, அவர் பெற்ற கதிர்வீச்சு பதிவாகிறது. மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு இந்தச் சீட்டு ஒன்றுதான் பதிவு.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் அரிதானது. ஒரு குப்பத்தில் ஒரு நோயாளி இருப்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அதனால்தான் கல்பாக்கத்தை மட்டும் தனியே ஆராய்வது போதாது என்கிறேன். தாராப்பூர், ராவத்பாட்டா, நரோரா, காக்ராபார், கைகா, கூடங்குளம் ஆகிய அணுமின் நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரே முறையில் ஆராய வேண்டும். ஆய்வை நடத்துவோர் அணுசக்தித் துறையின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. துறை தன்னிடமுள்ள மாதாந்திர வெளியேற்றக் கணக்கை, குறிப்பாக டிரிட்டியம், ஆர்கான்-41 என்ற கதிரியக்கப் பொருள்களின் அளவுகளை, உலை தொடங்கிய நாளிலிருந்து அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நோயாளிகளின் பெயர் வெளியே தெரியத் தேவையில்லை. ஊர், வயது, நோய், ஆண்டு போதும்.

முடிவு எதுவானாலும், ஆங்கில அறிக்கையாக இணையத்தில் ஏற்றப்படுவதற்கு முன்பு, சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். கேள்வி கேட்க நேரம் கொடுத்து, பதில் சொல்லும் பொறுப்பில் உள்ள அதிகாரி நேரில் வர வேண்டும்.

இப்படிக்கு,
கல்பாக்கம் வட்டாரவாசி