விளையாட்டுப் பெட்டியில் கருந்துளைக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பழுது பார்க்கும் கடையில், பழைய இரும்போடு போட, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள். திறந்தால் விசிறியில் பஞ்சுப் பஞ்சாய்த் தூசி. சூட்டைக் கடத்த சிப் மேல் பூசிய பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. துடைத்துப் புதுப் பசை வைத்ததும் பெட்டி உயிர் பெற்றது.

இந்தப் பெட்டிகளில் எட்டை இணைத்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, 2007-இல் அமெரிக்காவில் கௌரவ் கன்னா என்ற நம் நாட்டு இயற்பியலாளர் கருந்துளைக் கணக்குகளைப் போட்டார். 2010-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கோத்து 'காண்டோர்' சூப்பர் கம்ப்யூட்டரையே கட்டிவிட்டது. உள்ளே இருக்கும் 'செல்' சிப்தான் காரணம். ஒரு மேஸ்திரி வேலையைப் பிரித்துக் கொடுக்க, சிற்றாள்கள் ஒரே நேரத்தில் கணக்குப் போடுவது போன்ற அமைப்பு அது. நினைவகம் குறைவு என்பது உண்மை. 2010 ஏப்ரலில் லினக்ஸ் வசதியையும் சோனி நீக்கிவிட்டது.

ஆகவே பழைய பெட்டிகளைத் தேடி அலையச் சொல்லவில்லை. விளையாட்டுக்காகவே பிறந்த கிராபிக்ஸ் கார்டுகள் இன்று அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன. நான் பாடம் எடுக்கும் இடத்தில் இப்படி வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும் இணைக் கணிப்பைக் கரும்பலகையில்தான் கற்றுத் தருகிறோம். மாணவர்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மதுரைக் கல்லூரிகள் பழைய கார்டு போட்ட நாலு கணினிகளையாவது கேபிளால் கோத்து, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். வைகை வெள்ளக் கணக்கையே முதல் பயிற்சியாக வைக்கலாம்.

– கணினி ஆசிரியர், செல்லூர், மதுரை