நான்காவது இணைப்பு

அன்புள்ள தங்கைக்கு,

உன் வரைவு கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை, கூடவே மருத்துவப் பரிசோதனை. நல்ல திட்டம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "மிகவும் தேவைப்படுபவர்கள் விண்ணப்பிக்க முன்வருவதில்லை, எனவே விழிப்புணர்வு முகாம்கள் நடத்தலாம்." அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போல் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிட்டால் தப்பு யார் தலையில் விழுகிறது, பார்த்தாயா? வராதவர் தலையில். உன் படிவத்தையும் ஒரு முறை பார். நான்கு இணைப்புகள் கேட்டிருக்கிறாய். நான்காவது, மூன்று மாதத்துக்குள் பெற்ற வருமானச் சான்று. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு தாள், அவ்வளவுதான். நாளுக்கொரு இடத்தில் கூலி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்? அதை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தால் இன்னொரு நாள் கூலியும் போச்சு.

நானும் இதைச் செய்தவன்தான். பணியில் சேர்ந்த புதிதில் நான் தயாரித்த ஒரு படிவம் எட்டுப் பக்கம். ஒருவர்கூட ஏமாற்றிவிடக் கூடாது என்பது ஒன்றே என் கவலை. ஏமாற்றத் தெரிந்தவர்களுக்கு எட்டுப் பக்கமும் தண்ணீர் பட்ட பாடு. பூர்த்தி செய்ய முடியாமல் திரும்பிப் போனவர்களை யாரும் எண்ணவில்லை, எண்ணுவதற்கு என் படிவத்தில் இடமும் இல்லை. ஆண்டு முடிவில் நிதி மிச்சம் என்று பாராட்டு வேறு வந்தது.

இது நம் அலுவலகத்து வியாதி மட்டும் இல்லை. ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு மருத்துவர், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூரில் வேலை பார்த்தவர். 1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்றார். பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் 1948இலேயே வந்துவிட்டது. அதற்கு 23 ஆண்டுகள் கழித்து அவர் இதை எழுத வேண்டியிருந்தது.

மருத்துவம் கிடக்கட்டும், ஒரு மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உன் திட்டமும் கர்ப்பிணிகளுக்கானது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூட ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வேண்டும். கருவுற்ற முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அதற்குள் தெரிந்திருக்காது. அதனால் கருவுறுவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்குங்கள் என்று பிரிட்டனில் 1992 முதல் அரசு சொல்லி வந்தது. மலிவான மாத்திரை, எளிய அறிவுரை, ஊரெங்கும் பிரசாரம். யார் சாப்பிட்டார்கள்? இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், 1999-2001 காலத்தில் 35 சதவீதம் பேர் முன்கூட்டியே எடுத்திருந்தார்கள். 2011-12இல் அது 31 சதவீதம். பத்தாண்டுப் பிரசாரத்துக்குப் பின் குறைந்திருக்கிறது! வயதுவாரியாகப் பார்த்தால் இன்னும் வேதனை. 35 முதல் 39 வயதுள்ளவர்களில் 40 சதவீதம், 20 வயதுக்குக் கீழே வெறும் 6 சதவீதம். திட்டமிட்டுக் கருவுறுகிற வாய்ப்பு யாருக்கு இருந்ததோ அவர்களுக்கே அறிவுரை பயன்பட்டது.

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். 1998 முதல், சத்துச் சேர்த்து விற்கும் மாவு வகைகளில் ஃபோலிக் அமிலம் கட்டாயம் என்றார்கள். யாரும் எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை, படிவம் தேவையில்லை. முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை. பக்குவப்படுத்திய மக்காச்சோள மாவு அந்த விதிக்குள் வரவில்லை. அதையே அன்றாடம் சாப்பிடும் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்களுக்குப் பயன் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அந்த மாவிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது 2016இல், அதுவும் விரும்பினால் சேர்க்கலாம் என்ற அளவில். விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மனதில் இருந்த சாப்பாட்டுத் தட்டு யாருடையது என்பதுதான் கேள்வி.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். மக்களிடம் எவ்வளவு முயற்சியை ஒரு திட்டம் கேட்கிறதோ, அந்த அளவுக்கு வசதியுள்ளவர்கள் பக்கம் அது சாயும். நேரம், படிப்பு, மன நிம்மதி, தெரிந்த ஆள், இவை எல்லாம் ஏற்கெனவே சரிசமமாக இல்லாத உலகத்தில்தானே நாம் படிவம் கொடுக்கிறோம். ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள், ஓர் அலகு ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ். குடிக்காதே என்று எவரிடமும் போய்ச் சொல்லவில்லை. விலை வைக்காமல் இருந்திருந்தால் எத்தனை சாவு நேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு ஒப்பிட்டபோது, மதுவால் மட்டுமே நேரும் சாவுகள் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தன. அதில் பெரும்பகுதி வறிய பகுதிகளில். ஆனால் முழுக்கப் புகழவும் முடியவில்லை. குடிக்கு அடிமையாகிவிட்ட ஏழைகளில் சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள் என்பதும் அதே மதிப்பீட்டில் தெரிய வந்தது. விலை வைக்கும்போதே சிகிச்சைக்கும் வழி செய்திருக்க வேண்டும்.

"அப்படியானால் மிக ஏழைகளை மட்டும் தேடிப் பிடித்துக் கொடுத்தால் போதாதா?" என்று நீ கேட்பாய். உன் வரைவு முழுக்க அந்த எண்ணம்தான் ஓடுகிறது. இதற்குப் பதில் லண்டன் அரசு ஊழியர்களிடமிருந்து கிடைத்தது. 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு, சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம், பட்டினி கிடந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்களோ இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டு மாதிரி. அதிகாரிக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்குக்கூட அதிகாரியைவிட ஆபத்து அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த வேறுபாட்டில் பாதிகூட விளங்கவில்லை. நானும் நீயும் கோப்பு தூக்குகிற இனம் என்பதால் இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

படிக்கட்டு முழுதும் சாய்ந்திருக்கும்போது கடைசிப் படியை மட்டும் முட்டுக்கொடுத்து என்ன செய்ய? கோடு போட்டால் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நிற்பவர் வெறுங்கையோடு போவார். எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுத்தாலோ சாய்வு அப்படியே இருக்கும். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையிலான குழு 2010இல் இங்கிலாந்து அரசுக்குச் சொன்ன வழி, எல்லோருக்கும் கொடு, தேவை கூடக் கூட அளவையும் கூட்டிக்கொண்டு போ என்பது. சொல்ல எளிது. எங்கே கூட்டுவது, எந்தத் துறையின் பணத்திலிருந்து என்று வரும்போது ஒவ்வொரு துறையும் பக்கத்துத் துறையைக் காட்டும். வீட்டுவசதி, கல்வி, கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்துதான் உடம்பைத் தீர்மானிக்கின்றன. சுகாதாரத் துறையின் கையில் இருப்பதோ ஊசியும் மாத்திரையும்.

நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. தாய்லாந்தில் 2001-02இல் ஒரு முறை மருத்துவமனைக்குப் போக 30 பாட் கொடுத்தால் போதும் என்றார்கள். வறிய மாகாணங்களில் குழந்தை இறப்பு அதிகம் என்று இருந்த பழைய தொடர்பே சில ஆண்டுகளில் மங்கிவிட்டது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் பெண்களின் கையில், 2003 முதல் பணம் கொடுத்தார்கள். 2004 முதல் 2009 வரையிலான தரவுகளை ஆராய்ந்ததில், திட்டம் நன்றாகப் பரவிய நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவால் நேர்ந்த சாவு 65 சதவீதமும், வயிற்றுப்போக்கால் நேர்ந்த சாவு 53 சதவீதமும் குறைவாக இருந்தன. அங்கேயும் நிபந்தனை உண்டு: தடுப்பூசி போட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். ஆனால் நிபந்தனை தவறினால் உடனே பெயரை அடிக்கவில்லை. முதலில் எச்சரிக்கை, அதற்குப் பிறகே படிப்படியாக நிறுத்தி வைப்பது. தொடர்ந்து தவறிய வீட்டை, உதவி இன்னும் அதிகம் தேவைப்படும் வீடு என்று எடுத்துக்கொண்டு சமூகப் பணியாளரை அனுப்புவது என்று வைத்திருந்தார்கள். இதைத் தவிர மாதாமாதம் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் வேறு, ஆளுக்குச் சுமார் 100 முதல் 150 வீடுகள். அங்கே படி ஏறி வருவது அரசு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் மனம் உடையாமல் இருக்க. இந்த வேலையின் பலன் நீ அந்த நாற்காலியில் இருக்கும்போது தெரியாது. இங்கிலாந்தில் வறிய பகுதிகளுக்கும் மற்ற பகுதிகளுக்கும் உள்ள ஆயுட்கால இடைவெளியை 2010க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று இலக்கு வைத்தார்கள். கெடு வந்தபோது தோற்றுவிட்டது என்று எழுதி மூடினார்கள். 2017இல் வேறு ஆய்வாளர்கள் முழுத் தரவையும் பார்த்தபோது, அந்த இலக்குக்கான திட்டம் நடந்த காலத்தில் இடைவெளி குறைந்திருந்தது, கைவிட்ட பிறகு மறுபடி கூடியிருந்தது. அதற்கும் முன்னால், டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவர் தலைமையில் இதே ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த அறிக்கையை 1980இல் விடுமுறை நாளாகப் பார்த்து, வெறும் 260 பிரதிகள் எடுத்து வெளியிட்டது அன்றைய அரசு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழைக்காகப் பேசிய அறிக்கையும் ஏறவில்லை.

சரி, உன் வரைவுக்கு வருகிறேன். முதல் இரண்டு இணைப்புகள் இருக்கட்டும். மூன்றாவதை உங்கள் துறையே இன்னொரு துறையிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியும், அந்தப் பெண் தூக்கி வர வேண்டியதில்லை. முகாம்களுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யும் ஆட்களுக்கு மாற்று. மாத அறிக்கையில் "பயனாளிகள்" பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடு: படிவம் வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியினர். நான்காவது இணைப்பை முதன்முதலில் சேர்த்தது யார், எதற்காக என்று பழைய கோப்பில் தேடிப் பார். கிடைத்தால் எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்