ஸ்கோப்பை 1க்குத் திருப்பு

அன்புள்ள முரளி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தப்பாமல் விடச் சொல். செல்வி நலம், உன் பழைய புல்லட்டைப் பற்றி இன்னும் விசாரிக்கிறாள். மற்ற கதையெல்லாம் பிறகு. உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

லினக்ஸ் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் கேட்வே புரோகிராமோடு, பிழை தேடும் கருவியான ஜிடிபியை இணைக்கப் போனாய், ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றது. உடனே லைவ் சர்வரிலேயே பிட்ரேஸ்_ஸ்கோப்பை, அதாவது ஒரு ப்ராசஸ் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் கெர்னல் அமைப்பை, 0 ஆக்கித் தளர்த்தினாய். அப்படியும் அதே பதில்தான் வந்தது. அப்படியானால் தடுத்தது ஸ்கோப் இல்லையப்பா! சம்பந்தமில்லாத பூட்டைத் திறந்து வைத்திருக்கிறாய். முதலில் அதை 1க்குத் திருப்பு. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் கட்டளையில் மாற்றினால் மட்டும் போதாது, /இடிசி/சிஸ்கண்ட்ரோல்.டி அடைவில் 10-பிட்ரேஸ் கோப்பில் 0 என்று எழுதி வைத்திருந்தால் ரீபூட் ஆனதும் திரும்பி வந்துவிடும்.

அந்த 1 சும்மா வைத்ததில்லை. ஒரே யூசரின் கீழ் ஓடும் ஏதோ ஒரு ப்ராசஸ் ஒருவன் கையில் சிக்கினால், அவன் அதிலிருந்தே பக்கத்தில் ஓடும் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு பாஸ்வேர்டை மெமரியிலிருந்து உருவிவிட முடியும். அதைத் தடுக்கத்தான் இந்த ஸ்கோப்பைத் தரும் யாமா என்ற பாதுகாப்புப் பகுதி வந்தது; 2012இல் கெர்னல் 3.4இல் சேர்த்தார்கள். ஸ்கோப் 1 இருந்தால் ஜிடிபி தானே கிளப்பிய புரோகிராமை மட்டும் தொடலாம். ஜிடிபிக்குள்ளிருந்து ரன் கொடுத்தால் ஓடும், ‘-பி’ போட்டு ஏற்கெனவே ஓடும் ப்ராசஸோடு இணைத்தால் மறுக்கும் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படு. 2 என்றால் சிஸ்_பிட்ரேஸ் உரிமை (மற்ற ப்ராசஸைப் பிடிக்கும் சிறப்பு அனுமதி) உள்ளவருக்கு மட்டும். 3 என்றால் யாருக்குமே கிடையாது, ரீபூட் செய்யாமல் மாற்றவும் முடியாது.

இனி உன் கேட்வேக்கு வருகிறேன். அது வழக்கமாக ரூட் உரிமை வேண்டிய 443ஆம் போர்ட்டில் கேட்கிறது, ஆனால் ரூட்டாக ஓடவில்லை. யாரோ அந்தப் புரோகிராம் கோப்புக்கு செட்கேப் கட்டளை போட்டு, அப்படிப்பட்ட போர்ட்டைத் திறக்க மட்டும் விடும் நெட்_பைண்ட்_சர்வீஸ் உரிமை கொடுத்திருப்பார்கள், பாஸ்கர் அண்ணன் வேலையாகத்தான் இருக்கும். அப்படி உரிமையோடு கிளம்பிய ப்ராசஸை கெர்னல் ‘டம்ப் செய்யக்கூடாதது’ (மெமரியை வெளியே எடுக்கக்கூடாதது) என்று குறித்து வைத்துவிடும். யூசர் ஒன்றாக இருந்தாலும், ஸ்கோப் 0 ஆக இருந்தாலும், இணைய விடாது. /ப்ராக் அடைவில் அந்த பிஐடிக்கு (ப்ராசஸ் எண்ணுக்கு) உரிய அடைவில் ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பார். ப்ராசஸ் உன் பெயரில் ஓடும், உள்ளே இருக்கும் கோப்புகளுக்கோ ரூட் சொந்தக்காரர் என்று காட்டும். அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். சரி, ஜிடிபிக்குள்ளிருந்தே கிளப்பலாமே என்று நினைக்காதே. சாதாரண யூசர் ஜிடிபியால் பிடித்து ட்ரேஸ் செய்யும்போது செட்கேப் உரிமை சேராது. புரோகிராம் கிளம்பும், 443ஐத் திறக்கும் இடத்தில் விழும். உன் மெஷினில் சோதிக்க 8443 வைத்துக்கொள், செட்கேப்பே வேண்டாம்.

லைவ் சர்வரில் சுடோவோடு (ரூட் உரிமையோடு) ஜிடிபியை இணைத்தால் போதும். ஆனால் இணைந்த நொடியே எல்லா த்ரெட்டும் நின்றுவிடும், கஸ்டமர் காத்திருப்பார். உள்ளே உட்கார்ந்து ஆராயாதே. ‘-பேட்ச்’ போட்டு, ‘-இஎக்ஸ்’ஸில் ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ (எல்லா த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்து, வெளியீட்டைக் கோப்பில் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வா. சுடோவுக்கும் மறுத்தால் /ப்ராக்கில் அந்த பிஐடியின் ஸ்டேட்டஸ் கோப்பில் ட்ரேசர்பிஐடி வரியைப் பார். 0 இல்லையென்றால் எஸ்ட்ரேஸ் போன்ற வேறொரு ட்ரேஸ் கருவியோ இன்னொரு ஜிடிபியோ ஏற்கெனவே பிடித்திருக்கிறது. ஒரு ப்ராசஸை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும்.

சுடோ கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஜிடிபிக்கே செட்கேப்பில் சிஸ்_பிட்ரேஸ் உரிமை போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கிட்டத்தட்ட ரூட்டையே தூக்கிக் கொடுப்பது அது. தவிர்க்கவே முடியாவிட்டால் தனி குரூப் வைத்து 750 அனுமதி கொடு. செட்கேப்பைக் கடைசியில் போடு, பிறகு சௌன் செய்தால் (கோப்பின் சொந்தக்காரரை மாற்றினால்) உரிமை அழிந்துபோகும்.

டாக்கர் கன்டெய்னரில், அதாவது தனித்துப் பிரித்து ஓட்டும் சூழலில், நிலைமை வேறு. உள்ளே நீ ரூட்தான், ஆனாலும் சிஸ்_பிட்ரேஸ் இயல்பாகக் கிடைக்காது. ஸ்கோப் ஹோஸ்ட்டினுடையது, உள்ளிருந்து மாற்ற முடியாது. ‘--கேப்-ஆட்=சிஸ்_பிட்ரேஸ்’ கொடுத்து அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் கிளப்பு, எல்லா உரிமையையும் தரும் ‘--பிரிவிலேஜ்டு’ கூடவே கூடாது. அட்ரஸ் ராண்டமைசேஷனை (மெமரி முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றி வைப்பதை) அணைக்க முடியவில்லை என்று ஜிடிபி எச்சரித்தால் பயப்படாதே. ‘செட் டிசேபிள்-ராண்டமைசேஷன் ஆஃப்’ கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்.

ஸ்கோப்பைத் திருப்பியதும் அந்த ‘எல்எஸ் -எல்’ வெளியீட்டையும், கேட்வே கோப்புக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கெட்கேப் கட்டளை சொல்கிறது என்பதையும் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
சேகர்