அப்பாவின் இடது காலைத் தொட்டுப் பார்த்தவருக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, ஒரு சேலையை நெய்து முடித்து அறுத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் சேலை. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குத் தெம்பு வந்தது.

2021 மே, ஊரடங்கு நேரம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொரோனா. அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரையும் உண்டு. வார்டில் ஆறு நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் தானாக எழுந்து கஞ்சி குடித்தார். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம். அன்றிரவு பத்து மணிக்குப் போனில், "இடது கால் குடையுதும்மா, தாங்க முடியல" என்றார். படுத்தே கிடந்ததால் சதை பிடித்திருக்கும், தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இரவுப் பணியில் இருந்த செவிலியர் தைலத்தைக் கையில் வாங்கவில்லை. போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். வலது பாதம் வெதுவெதுப்பு, இடது பாதம் ஜில்லென்று. பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேடியிருக்கிறார், இல்லை. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பவில்லை. கொரோனா என்றால் சொந்தக்காரர்களே வாசலோடு நின்ற காலம் அது. பத்தே நிமிடத்தில் டூட்டி டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் ஊசி போட்டு, சென்னைக்குப் பேசி, 108-ஐ வரவழைத்தார். "ஆறு மணி நேரம்தான் கணக்கு, அதுக்குள்ள காலுக்கு ரத்தம் போகணும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஆம்புலன்ஸ் பின்னால் என்னைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், போனில் இருந்த சீட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்காமல் தடுப்பை விலக்கிய காவலருக்கும் நன்றி.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே அந்த அறுவை சிகிச்சை டாக்டர் எனக்கு விளக்கினார். இந்த வைரஸ் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டிவிடும். நுரையீரலில் மட்டுமல்ல, காலிலும் ரத்தக்கட்டி அடைக்கும். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை அடைத்தால் பெரும்பாலும் கால் வீங்கிச் சூடாகும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்தால் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போகும். அப்பாவுக்குத் தமனி. இடுப்பு மடிப்பில் கீறி, நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை உப்பவைத்து மெல்ல இழுத்தார்கள். கருஞ்சிவப்பாக நீளமாய்க் கட்டி வெளியே வந்ததாம். ரத்தம் திரும்பியதும் தசை வீங்கும் என்பதால் கெண்டைக்காலின் பக்கவாட்டிலும் கீறித் திறந்துவைத்தார்கள்.

காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்புறம் நடந்தது எனக்கு ஞாபகமில்லை, அழுதுகொண்டே இருந்தேன்.

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து வாரம் தினமும் கட்டு மாற்றிய ஊழியர்கள், "மிதிங்க ஐயா, தறின்னு நினைச்சு மிதிங்க" என்று நடக்கப் பழக்கிய பிசியோதெரபி தம்பி, வீட்டுக்கே வந்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, வந்துபோகும் காசு வாங்காத லேப் பையன், எங்களுக்கு அடுப்பெரியாத நாட்களில் சோறு கொடுத்த நெசவாளர் தெரு, எல்லோருக்கும் நன்றி.

அந்தச் செவிலியரின் முகத்தை அப்பா பார்த்ததே இல்லை. முகக்கவசம், கண்ணாடி, தலை வரை மூடிய உடை. பெயர் கேட்கவும் அன்று தோன்றவில்லை. பிறகு தேடிப் போனபோது வார்டையே கலைத்துவிட்டிருந்தார்கள்.

சகோதரி, இது உங்கள் கண்ணில் பட வேண்டும். ஏழாம் நம்பர் கட்டில், தறிக்காரர். இடது கால் சூடாக இருக்கிறது.