பாட்டியின் பாட்டும் மாமாவின் கட்சியும்

அன்பு மகனுக்கு,

பசியாறிவிட்டாயா ஐயா? இங்கே காலை எட்டு மணி. நேற்று மாலை பிடித்த மழை விடியற்காலையில்தான் ஓய்ந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் சந்தைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் மாமாவின் பெயரை எடுத்ததும் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரை படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் பணம். புது மடிக்கணினி வாங்க நீ அனுப்பியது அப்படியே வங்கியில் இருக்கிறது. நீ படிக்கிற காலத்தில் வைத்திருந்த பழைய கணினியிலேதான் இதைத் தட்டுகிறேன். அதில் இருந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, புதியதை ஏற்ற இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்று திரையில் வந்துகொண்டே இருந்தது அல்லவா? நம் பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பையன் ஒருவன் இப்போது டவுனில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒரு பென்டிரைவோடு வந்தான். நான் தேநீர் கலக்கி, முறுக்கு டப்பாவைத் தேடி எடுத்து வருவதற்குள் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட்டுவிட்டான். கூலி வேண்டாம் என்றான். பட்டியல், பொத்தான், எச்சரிக்கை எல்லாம் தமிழில் வருகின்றன. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985இல் உருவாக்கிய மலேசியா இது. கணினியில் தமிழைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் கணினி முழுவதும் தமிழாக இருப்பதை என் வீட்டு மேசையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதைச் சொன்னபோது, "இலவசமாகக் கிடைப்பதை நம்பாதீர்கள் அம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமாக மனத்தில் கிடந்து அறுக்கிறது. ஆங்கிலத்தில் காசில்லாததற்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல் என்பதால் அவர்களுக்குக் குழப்பம். நமக்கு அந்தக் குழப்பம் தேவையே இல்லை. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மலாயிலும் அப்படித்தான்: பெர்சூமா வேறு, பெபாஸ் வேறு. பெர்சூமா என்றால் காசில்லாமல் கிடைப்பது. வீண் என்றும் அதற்குப் பொருள் உண்டு. பெபாஸ் என்றால் விடுதலை. நான் ஏற்றிக்கொண்டது பெபாஸ்.

பாலமும் கட்டடமும் பார்க்கிற உனக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமோ என்னவோ. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இருந்தார். அங்கே இருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அவரே நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புது அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மென்பொருளை எழுதிய மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். யாருக்கும் காட்டுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்றார்கள். பழுது கண்ணெதிரே இருக்கிறது, திருத்தத் தெரிந்த கை இருக்கிறது, தொட உரிமை இல்லை. அந்த மாதிரி அனுபவம்தான் 1983இல் அவரைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991இல் ஹெல்சிங்கியில் லினுஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸும் பிறகு இந்த உரிமைகளைத் தருகிற உரிமத்தின் கீழேயே வந்தது. அது இப்போது உன் அம்மாவின் மேசையில் ஓடுகிறது.

இலவசம் என்ற சொல்லை நீ இதற்கு முன் இந்த வீட்டில் எப்போது சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? 2018 மே 9, புதன்கிழமை. வாக்குப் போடுவதற்காகவே மெல்பர்னிலிருந்து வந்திருந்தாய். விரலில் மை காயவில்லை. முடிவுகள் வர வர நீயும் உன் நண்பர்களும் வாசலில் குதித்தீர்கள். சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து இருந்த ஆட்சி முதல்முறையாக மாறப் போகிறது; குதிக்காமல் எப்படி இருப்பது? அப்போது, அந்த ஆட்சியில் இருந்த கட்சியின் ஆளான மாமா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்த்து, "இலவச அரிசி மூட்டைக்கு விலைபோன கூட்டம்" என்றாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய்த்தான் கிளப்பினார். அன்றோடு நின்ற பேச்சு இன்றுவரை நின்றிருக்கிறது.

அரிசி மூட்டை வந்தது உண்மை. தேர்தல் நேரத்தில் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம், லாரி வரும். எந்தக் கொடி கட்டிய லாரி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது, மூட்டை மாறவில்லை. வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மாமா அந்தக் கட்சியில், மலேசிய இந்தியர் காங்கிரஸில், இருந்தது மூட்டைக்காக இல்லை ஐயா. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டம் கைமாறினால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அப்போது 1960இல் அந்தக் கட்சியின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்குவது என்பது திட்டம். உன் தாத்தா சம்பளத்திலிருந்து பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டினார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. பங்குப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் அந்த மரத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம் என்று அந்தத் தாள் சொன்னது. மாமா அதைப் பார்த்துத்தான் கட்சிக்குப் போனார். பதினெட்டு வயதில் கிளையில் சேர்ந்தவர், பின்னாளில் கிளைச் செயலாளராகி, நம் பழைய வீட்டுச் சமையலறை மேசையில் இரவு பதினொன்று மணி வரை உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களுக்கு. ஒரு கிழவிக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்த அன்று அவள் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்தாள். மாமா ஒரே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பெர்சூமா என்று ஒன்றை அவர் வாங்கி நான் பார்த்ததில்லை.

அதற்காக அந்தக் கட்சி செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று நானும் உன் பக்கம்தான் வாக்களித்தேன். மறுநாள் காலையிலேயே மாமா வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் ஓட்டு உன்னுடையது, தேநீர் ஆறுகிறது குடி" என்றார்.

பிறகு என்ன நடந்தது? 2020 பிப்ரவரியில் நீ குதித்துக் கொண்டாடிய ஆட்சி, கட்சி மாறியவர்களால் கவிழ்ந்தது. 2022 நவம்பரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், உன் கூட்டணியும் மாமாவின் கூட்டணியும் சேர்ந்தே அரசாங்கம் அமைத்தன. மேடைக்கு மேடை திட்டிக்கொண்டவர்கள் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும்தான் இன்னும் உட்காரவில்லை. உன் கைபேசியில் வருகிற காணொளிகள் உன் கோபத்துக்குத் தீனி போடுகின்றன, அவர் கைபேசியில் வருபவை அவர் கோபத்துக்கு. இரண்டையும் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

மென்பொருள்காரர்களும் சண்டை போடுகிறவர்கள்தான். நான் வினாத்தாள் தட்டுகிற லிப்ரேஆபிஸ் அப்படி வந்ததுதான். அதற்கு முன் இருந்த ஓப்பன்ஆபிஸ் என்ற மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் கைமாறியது. வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் புது முதலாளியிடம் நம்பிக்கை வரவில்லை. 2010இல் நிரலை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டார்கள். யாரும் தடுக்க முடியாது, உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதுவரை எல்லோரும் சேர்ந்து எழுதிய நிரல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்தது. நீயும் மாமாவும் பிரிந்தபோது பொதுவாக எதை மிச்சம் வைத்தீர்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி யோசித்துத்தான் அலமாரியிலிருந்து பாட்டி பாடிப் பதிந்த கேசட்டை எடுத்தேன்.

அதற்கு முன் பாட்டுச் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதச் சந்தா கட்டி என் பெயரில் ஒன்றைத் திறந்து கொடுத்தாயே, அதில் அறுபது பழைய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால் ஏழு பாட்டு சாம்பல் நிறமாகிக் கிடந்தது, தொட்டால் பாடவில்லை. உரிம ஒப்பந்தம் முடிந்தால் அப்படித்தான் எடுத்துவிடுவார்களாம். மைஸ்பேஸ் என்ற தளத்தில் 2003 முதல் 2015 வரை உலகமெங்கும் இருந்து பாடகர்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின என்று 2019இல் செய்தி வந்ததே, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சந்தாவைக் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. மதியம் சமைக்கும்போது கேட்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நம்முடையது என்று இருப்பதை நாம்தான் பத்திரப்படுத்த வேண்டும்.

அந்தக் கேசட் 1986இல் பதிந்தது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஈப்போவில் பழைய சாமான் கடையில் டேப் ரெக்கார்டர் வாங்கினேன். உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. என் மாணவன் வேறு போட்டுக் கொடுத்தான். நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிந்தேன். அதுவும் கட்டற்றதுதான். பாட்டியின் குரல் திரையில் நீல அலையாக ஓடியது. அவர் மூச்சு வாங்குகிற இடம் எது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இரைச்சலை நீக்க ஒரு வழி இருக்கிறது. யாரும் பாடாமல் இரைச்சல் மட்டும் கேட்கிற இரண்டு விநாடியைக் குறித்துக் காட்டினால், மென்பொருள் அதைப் பாடம் படித்துக்கொண்டு முழுப் பதிவிலும் குறைத்துவிடும். செய்து பார்த்தேன். நாடாவின் சீறல் போனது. ஆனால் பாதியில் லயத்துத் தகரக் கூரையில் மழை விழுகிறது. அதையும் எடுக்கப் போனால் பாட்டியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. நாலைந்து தடவை முயன்றுவிட்டு, மழை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டில் அந்தக் குரலை நாங்கள் மழையோடுதான் கேட்டோம். ஃபிளாக் வடிவில் சேமித்திருக்கிறேன், ஒலியில் ஒன்றும் குறையாது. மூன்று இடத்தில் படி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு உனக்கும் வருகிறது.

இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனது, நிரை நிரையாக மரம் வெட்டியது, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதற்குள் மழை வந்து அன்றைய கூலி போனது, ஊரில் விட்டுவந்த தங்கையின் பெயர் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். யாரும் எழுதி வைத்ததில்லை. பாட்டி அவருடைய அம்மாவிடம் கேட்டது. நான் இப்போது வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் மழை வலுக்கிறது. பாட்டி ஒரு வரியை மறந்து நிறுத்திவிடுகிறார். அப்போது பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறது, பாட்டி சிரித்துக்கொண்டே தொடர்கிறார். அது மாமா. அப்போது அவருக்கு உன்னைவிட வயது குறைவு. குரல் அப்படியே உன் குரல் மாதிரி இருக்கிறது, நீயே கேட்டுப் பார்.

அந்த வரி மட்டும் மழையில் எனக்குப் பிடிபடவில்லை. ஒலியைக் கூட்டியும் மெதுவாக ஓடவிட்டும் பார்த்தேன். "ஆத்தோரம்" என்று தொடங்குகிறது, அதற்குமேல் தெரியவில்லை. இப்போது அது தெரிந்தவர் மாமா ஒருவர்தான். நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. நீ கேட்டு எனக்கு எழுது. அவருடைய எண் மாறவில்லை. மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பார்.

அப்பா வந்துவிட்டார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா