ரப்பரை முதலில் துடைத்துப் பார், கண்ணு

கண்ணு,

நேற்று போனில் உன் பின்பால் மெஷினைப் பற்றி நீ கேட்டதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "பந்து முன்ன மாதிரி துள்ளவே மாட்டேங்குதும்மா, பிளிப்பர் காயில் போயிடுச்சு போல, புதுசு வாங்கிடட்டுமா"ன்னு கேட்டாய். நான் அவசரத்தில் "கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பந்தை அடித்து மேலே அனுப்பும் பிளிப்பர் மட்டையை இழுக்கும் மின்சுருள்தான் காயில், அதைத் தொடாதே. அந்த மெஷின் உன் வீட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் ஒரு தடவையாவது ரப்பரைத் துடைத்தாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இங்கே இருந்தவரைக்கும் நானே துடைத்துவிடுவேன், உனக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் தவறுதான். அதனால் எல்லாவற்றையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

ஏன் ரப்பரில் ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றால், பந்து ஏறக்குறைய 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, அது உருளும் பலகை 6.5 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கிறது, கீழே இருந்து காயில் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்தப் பலம் பந்துக்குப் போய்ச் சேருவது பிளிப்பரைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் வளையம் வழியாகத்தான். 1947ல் காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி என்ற மெஷினில் ஹாரி மாப்ஸ் பிளிப்பரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பந்தை விட்ட பிறகு மெஷினைத் தட்டி, இடித்து, அசைத்துப் பார்ப்பதைத் தவிர ஆடுகிறவர் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. பந்தைப் பிடித்து நிறுத்துவது, பிளிப்பர் நுனி வரை உருளவிட்டுச் சரியான நொடியில் அடிப்பது என்று நீ ரசித்து ரசித்து ஆடுவதெல்லாம் ரப்பர் பந்தைப் பிடிக்கும் அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது. அழுக்கு ஏறினால் பிடிப்பு போய்விடும், பந்து வழுக்கும், நீ குறி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் முட்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பார். ஆள்காட்டி விரலில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து (சொட்டக் கூடாது, ஈரம் தெரிந்தால் போதும்), இடது பிளிப்பர் ரப்பரில் பந்து படும் பக்கத்தில் பாதியை மட்டும் துடை. மறுபாதியை அப்படியே விட்டுவிடு. இப்போது இரண்டையும் விரலால் தடவிப் பார். துடைக்காத பாதி கண்ணாடி மாதிரி பளபளவென்று வழவழப்பாக இருக்கும், துடைத்த பாதியில் விரல் சிக்கிக்கொண்டு நகரும். துணியைப் பார்த்தால் அடுப்புக்கரியைத் தேய்த்தது போல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். ரப்பரே தேய்ந்து உதிர்ந்த தூள், காயிலுக்குள் இரும்புத் தண்டு போய்வந்து உராய்ந்த உலோகத் தூள், பலகைக்குப் போட்ட பழைய மெழுகு எல்லாம் கலந்த அழுக்கு அது. பந்து ஒவ்வொரு முறை உருளும்போதும் அதை எடுத்துக்கொண்டுபோய், பலகையில் சிறு கம்பங்களில் மாட்டியிருக்கும் எல்லா வளையத்துக்கும் பூசிவிடுகிறது. கறுப்பு ரப்பர் போட்டிருந்தால் தூள் இன்னும் அதிகம், ஆனால் வெள்ளையில்தான் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்.

சரி, முழுதாகச் செய்ய உட்காரும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடு. காயில்களுக்கு 50 வோல்ட்டும் அதற்கு மேலும் போகிற மெஷின் அது. ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள், அதனால் ஜன்னலைத் திறந்து வை. முன்கதவுக்குள் இருக்கும் நெம்புகோலை இழுத்து, முன்னால் இருக்கும் உலோகப் பட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் நேராக உன்னை நோக்கி இழு. அதை எங்கே வைக்கப்போகிறாய் என்று இழுப்பதற்கு முன்பே முடிவு பண்ணிக்கொள். நான் ஒரு தடவை யோசிக்காமல் கல் தரையில் ஓரத்தை ஊன்றி வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், முழுக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி சில்லுச் சில்லாகக் கொட்டிவிட்டது. டெம்பர்டு கண்ணாடி நடுவில் நல்ல அடியும் தாங்கும், ஓரம் மட்டும் தாங்காது. நான்காக மடித்த போர்வை மேல் வை.

எதைக் கொண்டு துடைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ரப்பருக்கு ஆல்கஹால் சரி. ஆனால் அதே துணியோடு பக்கத்தில் இருக்கும் அச்சடித்த பிளாஸ்டிக்கையும் ஒரு இழு இழுத்துவிடலாம் என்று தோன்றும், இழுத்துவிடாதே. சிலவற்றில் பிளாஸ்டிக் மங்கிவிடும், சிலவற்றில் மை கரைந்து வந்துவிடும். வலது ஓரத்தில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக்கில் சிவப்பு எழுத்து ஒன்று அழிந்திருக்கிறதே, அது நான் செய்தது, இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். பழைய மெஷின்களில் பலகையின் வார்னிஷையும் ஆல்கஹால் தின்னும். பெட்ரோல், மண்ணெண்ணெய், நாஃப்தா மாதிரி எதுவும் ரப்பர் மேல் படக் கூடாது, இயற்கை ரப்பர் அதைக் குடித்து ஊதிவிடும். கதவு கிறீச்சிட்டால் அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மெஷினுக்குள் எங்கேயுமே அடிக்காதே.

பிளிப்பர் வளையங்களை அந்த இடத்திலேயே துடைத்துக்கொள்ளலாம், வாரக்கணக்கில் ஆடிய பிறகு அப்படித் துடைப்பதே போதும். ஆனால் நீ சொல்வதைப் பார்த்தால் எல்லா வளையத்தையும் கழற்றிக் கழுவ வேண்டிய நிலைமை என்று நினைக்கிறேன். ஒரு மதியம் போய்விடும், போகட்டும். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடு, மேலிருந்து ஒன்று மட்டும் எடுத்தால் பத்தாது, ஒவ்வொரு மூலையையும் கிட்டத்தில் எடு, ஏனென்றால் எந்த வளையம் எந்தக் கம்பத்தில் மேல் பள்ளத்தில் இருந்தது, எதில் கீழ்ப் பள்ளத்தில் இருந்தது என்பது பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிய அரை மணி நேரத்தில் சத்தியமாக மறந்துபோகும். மூடிகளின் திருகுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடு.

கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டு எல்லாவற்றையும் ஊறப்போடு. பத்து நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே தேய். பழைய பல் பிரஷ் இருந்தால் உதவும். அலசி, துண்டில் பரப்பி, நிழலில் காயவிடு. வெயிலில் வைக்காதே, ஹேர் டிரையரும் வேண்டாம். அது காய்கிற நேரத்தில் கம்பங்களின் பள்ளத்தைத் துடைத்துவிடு, அங்கேதான் வருஷக்கணக்கான கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுச் சுத்தமான வளையத்தை மாட்டினால் செய்த வேலை பாதிதான்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வருவது. காய்ந்த ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து, இரண்டு விரலால் மடித்து, மடிப்பின் வெளிப்பக்கத்தைப் பார். நல்ல வளையம் மடிந்த இடத்திலும் ஒரே தோலாக இருக்கும், விட்டதும் வட்டத்துக்குத் திரும்பிவிடும். கெட்டுப்போனதில் மடிப்பின் மேல் மெல்லிய கீறல்கள் வரிசையாக வாய் திறக்கும், இழுபடும் திசைக்குக் குறுக்கே, வறண்ட ஏரியின் அடிமண் மாதிரி. பெரும்பாலும் அது கம்பத்தில் அழுந்தியிருந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். சார்லஸ் குட்இயர் 1839ல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று கண்டுபிடித்தார், அதற்கு முன் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அப்படி உறுதியாக்கிய ரப்பரையும் காற்றில் இருக்கும் கொஞ்சூண்டு ஓசோன் விட்டுவைப்பதில்லை, அதிலும் இழுத்துக் கட்டியிருக்கும் ரப்பரைத்தான் முதலில் பிளக்கும். மெஷினில் எல்லா வளையமும் இரவும் பகலும் இழுபட்டே இருக்கிறது, ஆடினாலும் ஆடாவிட்டாலும். பழைய இழை பல்புகளுக்குப் பக்கத்தில் இருப்பவை சூட்டில் இன்னும் சீக்கிரம் விறைத்துப்போகும், அவற்றை நன்றாகப் பார். கீறல் விட்டதைக் கழுவி ஒன்றும் ஆகப்போவதில்லை, அதை மட்டும் மாற்று. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுவதையும் அப்படியே.

புதிது வாங்கும்போது பழையதை அளந்து வாங்காதே, அது நீண்டுபோயிருக்கும். மெஷினோடு வந்த கையேட்டில் எந்த இடத்துக்கு எந்த அளவு என்று ஒரு படம் இருக்கும், அதைப் பார். அளவு உள்விட்டத்தில், அங்குலத்தில் சொல்வார்கள். உன் மெஷினில் இருக்கும் 3 அங்குல பிளிப்பருக்கு ஒன்றரை அங்குல உள்விட்டம், அரை அங்குல அகலம். சிலிக்கானிலும் பாலியூரித்தேனிலும் இப்போது வளையம் வருகிறது, தூள் உதிர்வதில்லை, நீடித்து உழைக்கிறது என்பதெல்லாம் சரி, ஆனால் துள்ளல் வேறு மாதிரி இருக்கும். உனக்குப் பிடித்தால் போட்டுக்கொள், எனக்கு ரப்பர்தான்.

பிளிப்பர்களுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் நின்று பந்தை உதைத்துத் தள்ளும் ஸ்லிங்ஷாட் இரண்டிலும் மட்டும் அவசரப்படாதே. அந்த முக்கோண வளையத்துக்குப் பின்னால் இரண்டு இலை சுவிட்ச், நடுவில் உதைக்கும் கை. பந்து மோதி வளையம் உள்ளே வளைந்தால்தான் சுவிட்ச் சேரும், காயில் உதைக்கும். வளையத்தைச் சுவிட்சுக்குப் பின்னால் மாட்டிவிட்டாலோ, அளவில் சின்னதை விறைப்பாக இழுத்து மாட்டினாலோ பந்து செத்த மாதிரி விழும், நீ மறுபடி காயிலைச் சந்தேகப்படுவாய். மாட்டியதும் விரலால் அமுக்கிப் பார்த்து, சுவிட்சின் இரண்டு இலையும் தொட்டு விலகுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடியைப் போடு.

பிளிப்பர் வளையத்தை மாட்டும்போது அதைச் சுற்றித் திருப்பி, தேயாத பக்கம் பந்தைப் பார்க்கும்படி வை. முறுக்கு விழாமல் இருக்கிறதா என்று நுனி முதல் அடி வரை விரலால் ஓட்டிப் பார். முறுக்கியிருந்தால் பந்து மேலே எகிறும்.

அப்புறம் பந்து. அதை மறந்துவிட்டால் முதல் ஆட்டத்திலேயே எல்லா அழுக்கையும் திரும்பக் கொண்டுவந்து பூசும். எல்லாப் பந்தையும் வெளியே எடுத்துத் துடைத்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பார், எங்காவது நகம் தட்டினால் அந்தப் பந்தைத் திரும்பப் போடாதே, அது பலகையையே சுரண்டும்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்டூல் மேல் ஏறி நின்று, நான் கழுவிப் போட்ட வளையங்களை அளவு வாரியாக உன் விரல்களில் மோதிரம் போல மாட்டிக்கொண்டு நிற்பாய். நான் "பெரிசு" என்றால் பெரிசு, "சின்னது" என்றால் சின்னது, சரியாக எடுத்துக் கொடுப்பாய். அந்த வேலையை நீ இப்போது தனியாகச் செய்யப்போகிறாய் என்று நினைக்கும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று இருக்கிறது.

செய்து முடித்ததும் கண்ணாடி போடுவதற்கு முன்பே இரண்டு ஸ்லிங்ஷாட்டையும் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பு. இடது பக்கச் சுவிட்ச் முன்பே கொஞ்சம் வளைந்துதான் இருந்தது, நான் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பிளக்கைச் சொருகாதே.

அம்மா