எழுத்துக்கு நாள் குறிப்பவர்கள் ஓய்வுக்கும் குறிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத வருகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் குறிப்புகளில் 'தினமும் ஆயிரம் சொல், ஒரு நாளும் தவறாமல்' என்ற அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. எழுதத் தொடங்கி ஆறு மாதம் ஆனவருக்கு அது சரிதான், கை பழக வேண்டும். பத்து வருடமாக எழுதுகிறவர், அதிலும் கூலிக்கு மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் (அச்சுக்கு முன் பிழை திருத்தம்) பார்க்கிறவர், அதை அப்படியே பிடித்துக்கொண்டால் எழுத்தும் கெடும், உடம்பும் கெடும்.

எங்கள் பக்கம் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) எழுத்து வேலைக்கு ஒரு பருவம் உண்டு. ஆடி பிறந்ததும் மலையாள இதழ்களின் ஓணப் பதிப்புக்குத் தமிழ்க் கதைகளை மலையாளத்தில் கேட்பார்கள். அது கையை விட்டுப் போகும் முன்பே தமிழ்ப் பத்திரிகைகளின் தீபாவளி மலர் வந்து நிற்கும். மலர் அச்சேறியதும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் கொண்டுவருகிற பதிப்பகங்களின் மெய்ப்புக் கட்டு. ஆக ஆடியிலிருந்து மார்கழி வரை ஆறு மாதம் மூச்சு விட முடியாது. தை, மாசி இரண்டு மாதமும் கை காலியாக இருக்கும். அப்போது பலரும் செய்கிற தவறு, பொங்கல் முடிந்த மறுநாளே சொந்த நாவலைத் தொடங்குவது. களைத்த தலையோடு முப்பது பக்கம் எழுதுவார்கள், பிடிக்காது, நாவலே சரியில்லை என்று மூட்டை கட்டி வைப்பார்கள். நாவலில் குறை இருக்காது. தையை முழுதாக விட்டுவிட்டு மாசியில் தொடங்கியிருந்தால் அதே நாவல் நன்றாக ஓடியிருக்கும்.

களைப்பு எங்கே முதலில் தெரியும்? மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவருக்கு, இரண்டு மொழியிலும் ஒரே உருவில் இருந்து பொருள் மட்டும் மாறும் சொற்களில் தெரியும். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. 'விஷமம்' என்றால் வருத்தம். 'வெள்ளம்' குடிக்கிற தண்ணீர். (ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கிலிருந்து செய்கிறவர்களுக்கு அதே 'அவசரம்' தேவை என்றாகிவிடும்.) காலை ஆறு மணிக்கு இவற்றில் யாரும் சறுக்குவதில்லை. நாலாவது மணி நேரத்தில் 'அவனுக்கு நல்ல அவசரம் கிடைத்தது' என்று தட்டச்சாகிவிடும், திரும்பப் படித்தாலும் கண்ணில் படாது. ஒரே பக்கத்தில் இப்படி இரண்டு விழுந்தால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எழுதியதை மறுநாள் திருத்த ஆகும் நேரம், எழுதிய நேரத்தைவிட அதிகம்.

சொந்தக் கதை எழுதுகிறவருக்கு அடையாளம் வேறு. பாட்டியும் பள்ளிக்கூடப் பையனும் ஒரே குரலில் பேசுவார்கள். எல்லோரும் பெருமூச்சு விடத் தொடங்குவார்கள்.

களைப்பா, கதையிலேயே சிக்கலா என்ற குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. அடுத்த காட்சியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்து, எழுத மட்டும் கை ஓடவில்லை என்றால் அது களைப்பு, ஓய்வில் தீரும். சொல்லவே வரவில்லை என்றால் கதையில் எங்கோ முடிச்சு விழுந்திருக்கிறது. அதற்கு நாலு நாள் தூங்கினாலும் பயன் இல்லை. முன்னால் உள்ள பத்துப் பன்னிரண்டு பக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாளுக்குள் எடுக்கிற ஓய்வைப் பற்றி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை பலருக்கும் தெரியும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், தக்காளி வடிவச் சமையலறை மணியை வைத்துத் தொடங்கியது. மெய்ப்புக்கும் சொல்லடைவுக்கும் (நூலின் கடைசியில் வரும் சொற்பட்டியல்) அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கதைக்குப் பொருந்தாது. கதையின் குரலுக்குள் போய்ச் சேரவே கால் மணி நேரம் ஆகும், சேர்ந்த பத்தாவது நிமிடத்தில் மணி அடித்தால் என்ன பிரயோஜனம்? கதைக்கு 50 நிமிடம், பிறகு 10 அல்லது 15 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மட்டும் தனிக் கணக்கு: 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை இருந்தால் போதும்.

நிறுத்துகிற இடம்தான் முக்கியம். அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்தால் மனசுக்கு நிம்மதி, மறுநாள் காலையில் வெள்ளைத் தாள். ஆகவே அடுத்து என்ன என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்போதே, வாக்கியத்தின் பாதியில் நிறுத்த வேண்டும். 'கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது' என்று விட்டுவிட்டு, அதன் கீழே இரண்டு வரிக் குறிப்பு: யார் உள்ளே இருக்கிறார்கள், இவள் எதை மறைக்கப் போகிறாள். மூன்றாவது வரி எழுதினால் குறிப்பே கதையாகிவிடும், மறுநாள் எழுத ஒன்றும் மிஞ்சாது.

இடையில் எடுக்கிற அந்தப் பத்து நிமிட ஓய்வில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று, கைப்பேசியை எடுப்பது. சொல்லிலிருந்து எழுந்து மறுபடி சொல்லுக்குள் போய் விழுந்தால் அதற்குப் பெயர் ஓய்வா? முருங்கைக் கீரை உருவலாம், சின்ன வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். கை நடக்கும், தலை சும்மா இருக்கும். இது பாட்டி வைத்தியம்போலத் தோன்றலாம், ஆய்வும் இதையே சொல்கிறது. யோசனை ஊறுகிற கட்டம் என்று ஒன்று உண்டு என 1926இலேயே ஆங்கிலேய அறிஞர் கிரஹாம் வாலஸ் எழுதினார். 2009இல் சியோ, ஆர்மராட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முன்பே அதிக நேரம் முட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இடைவெளி அதிகம் உதவியது. சொல் சார்ந்த புதிர்களில், வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட இலேசான வேலை ஒன்றில் ஈடுபடுவது கூடுதல் பலன் தந்தது. முட்டாமலே ஓய்வெடுப்பவருக்கு ஊறுவதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடை இன்னும் நல்லது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது புதுப்புது யோசனைகள் வருவது சராசரியாக 60 சதவீதம் கூடியது. ஒரே சரியான விடை வேண்டிய கேள்விகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே கதைக்கு வழி தேடுகிறபோது எங்கள் பக்கத்து மூலத்தறைக் கால்வாய்க் கரையில் நடந்துவிட்டு வரலாம். ஒற்றுப்பிழை பார்க்க நடக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் எங்கள் மாவட்டத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும், அந்த மாதங்களில் எழுத்தும் நடையும் காலை எட்டரைக்குள் முடிந்துவிட வேண்டும்.

எழுதி முடித்ததை ஆறப் போடுவது அடுத்தது. பத்திக் கட்டுரைக்கு ஓர் இரவு, சிறுகதைக்குப் பத்து நாள், நாவலுக்கு ஆறு வாரம் என்று வைத்தால் பெரும்பாலும் ஒத்துவரும். தோற்பது எப்படி என்றால், மூன்றாம் நாள் ராத்திரி கோப்பைத் திறந்து 'சும்மா ஒரு பார்வை' பார்ப்பதில். அப்போது காற்புள்ளிதான் மாறும், குறை தெரியாது. எழுதியவரின் மனசில் வாக்கியம் இன்னும் சூடாக இருப்பதால், தாளில் இல்லாததையும் கண் நிரப்பிக்கொள்ளும். பிரதியை வேறொருவர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் உள்ளதை எடுத்து வைத்துவிட வேண்டும். நாள் வந்ததும் வேறு எழுத்துருவில், 14 புள்ளி அளவில், தாளில் அச்சிட்டு, பேனாவைத் தொடாமல் ஒரு முறை முழுக்க வாய்விட்டுப் படிப்பது. நாக்கு தடுக்குகிற இடத்தில் நகத்தால் கீறி வைத்தால் போதும்.

ஓய்வு என்றாலே எழுதாமல் இருப்பது என்று அர்த்தம் இல்லை. நாகர்கோவில் சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களும் வந்த ஆண்டுகள் 1966, 1981, 1998. இடையில் பதினைந்து வருடம், பதினேழு வருடம். அந்தக் காலத்தில் சிறுகதை, கவிதை, கட்டுரை, 1988இல் தொடங்கிய காலச்சுவடு இதழ் என்று கை வேறு வேலையில் இருந்தது. இன்றைக்கு மூன்று வருடம் நாவல் வராவிட்டால் 'என்ன, எழுதுவதை விட்டுட்டீங்களா?' என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புவதில்தான் அதிகம் பேர் கவிழ்கிறார்கள். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து முதல் நாளே இரண்டாயிரம் சொல் எழுதப் பார்ப்பார்கள். அல்லது பழைய பிரதியை முதல் பக்கத்திலிருந்து படித்து, முதல் அத்தியாயத்தையே மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் மூன்று நாள் 20 நிமிடம் மட்டும் உட்காருங்கள், எழுத வந்தாலும் எழுந்துவிடுங்கள். முதல் நாள் வேலை, கடைசியாக எழுதிய பக்கத்தைக் கையால் ஒரு நோட்டில் படியெடுப்பது. அந்த வாக்கியங்களின் நீளம் விரலுக்குத் திரும்பியதும் அடுத்த வரி தானாக வரும். திரும்புகிற தேதியை விடுமுறை தொடங்கும் முன்பே நாட்காட்டியில் எழுதி வைப்பது அவசியம், தேதி இல்லாத ஓய்வு தள்ளிப்போடுதலாக மாறிவிடும்.

இத்தனையும் செய்து பலிக்காத நிலையும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் வேலைச் சோர்வைத் தனி நோயாகச் சொல்லவில்லை, தொழில் சார்ந்த நிலை என்கிறது. தீராத அசதி, வேலைமேல் வெறுப்பு அல்லது விலகல், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாட்டிலும் மனிதர்களிலும் பிடிப்பு இல்லை என்றால், அதை எழுத்தாளரின் மனநிலை என்று அழகுபடுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், எல்லையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி.

கடைசியாகத் தங்களிடம் கேட்பது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம் ஓய்வெடு என்று சொல்வது எளிது, அவர் ஓய்வு அவர் கைக்காசு. பாதி ஓய்வாவது பத்திரிகைகளின் கையில் இருக்கிறது. தீபாவளி மலருக்கு எழுதக் கேட்கும் கடிதத்தைப் புரட்டாசியில் அனுப்பாமல் ஆடி முதல் வாரத்திலேயே அனுப்பலாம். 1500 சொல் என்று கேட்டுவிட்டு, பக்கம் குறைந்துவிட்டது 900 போதும் என்று பிறகு சொல்லாமல் இருக்கலாம். திருத்தம் கேட்டு இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை மறுநாள் காலை அனுப்பலாம், எழுதியவர் தூங்கி எழுந்து செய்த திருத்தத்தில் பிழை குறைவாக இருக்கும். வருகிற ஆடியிலேயே இதைத் தொடங்க முடியுமா என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வரி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் செய்வோர் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.